மயங்கிக் கிடப்பவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள்

நினைவில்லாமல் ஒருவரை அவசர சிகிச்சைப் பிரிவுக்குத் தூக்கி வந்தால், கூட வந்தவர்களிடம் நாங்கள் தவறாமல் கேட்கும் கேள்வி: "வாயில் ஏதாவது கொடுத்தீங்களா?" பெரும்பாலும் வரும் பதில், "கொஞ்சம் தண்ணிதான் சார், அதையும் குடிக்கல." குடிக்கவில்லை என்றால் ஊற்றிய தண்ணீர் எங்கே போயிருக்கும்?

நமக்குப் புரையேறினால் இருமி வெளியே தள்ளிவிடுகிறோம். நினைவு தப்பியவருக்கு அந்த இருமல் சரியாக வராது. தண்ணீர், சோடா, காபி எதுவானாலும் மூச்சுக்குழாய்க்குள் இறங்கிவிடலாம். லோ சுகரால் மயங்கியவருக்கு நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினால் பல நேரம் சில நிமிடங்களில் கண் திறந்துவிடுவார். ஆனால் நுரையீரலுக்குள் போன சர்க்கரைத் தண்ணீர் அவரை நாள்கணக்கில் படுக்கையில் போட்டுவிடும். சர்க்கரை கொடுக்கலாம், தப்பில்லை. அவர் விழித்திருந்து, தானாகவே விழுங்க முடிந்தால் மட்டும்.

அடுத்தது ஆட்டோ. இரண்டு பேர் இரு பக்கமும் பிடித்துக்கொள்ள, நடுவில் உட்கார வைத்துக் கொண்டுவருவார்கள். தலை தொங்கி, தாடை நெஞ்சில் முட்டியிருக்கும். அந்த நிலையில் தொண்டை மடங்கி மூச்சுவழி அடைபடுகிறது. "நல்லா குறட்டை விட்டுத் தூங்கிட்டே வந்தார்" என்பார்கள். அது தூக்கமில்லை, பாதி அடைபட்ட மூச்சுவழியின் சத்தம். மயங்கியவரை நாற்காலியில் உட்கார வைப்பதும் இதே கதைதான். தரையில் படுக்க வையுங்கள்.

சரி, என்னதான் செய்வது? முதலில் இடத்தைப் பாருங்கள். மின்சாரம் தாக்கியிருந்தால் மெயினை அணைக்காமல் தொடக் கூடாது. அப்புறம் இரு தோள்களையும் தட்டிச் சத்தமாகக் கூப்பிடுங்கள். அசைவே இல்லையென்றால் 108-ஐ அழைத்து, போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு நெஞ்சைப் பாருங்கள். ஏறி இறங்குகிறதா? இதற்குப் பத்து விநாடிக்கு மேல் வேண்டாம். நாடி தேட வேண்டாம். பதற்றத்தில் உங்கள் விரலில் துடிப்பது உங்கள் நாடியாகவே இருக்கலாம்.

சீராக மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மேலே இருக்கும் முழங்காலை மடக்கி முட்டுக் கொடுத்து, தலையைச் சற்றுப் பின்னால் சாய்த்து, வாய் தரைப்பக்கம் பார்க்க இருக்கட்டும். வாந்தி வந்தாலும் வெளியே வழிந்துவிடும். நாக்கும் பின்னால் சரிந்து தொண்டையை அடைக்காது. ஆம்புலன்ஸ் வரும்வரை மூச்சைக் கவனித்துக்கொண்டே இருங்கள். விபத்தில் அடிபட்டவர் என்றால் கழுத்தைத் திருப்பாமல், நாலு பேர் சேர்ந்து உடம்பை ஒரே கட்டாகத் திருப்ப வேண்டும்.

மூச்சு இல்லை என்றால் நெஞ்சை அழுத்த வேண்டும். பலர் ஏமாறுவது இங்கேதான். இதயம் நின்ற பிறகும் சில நிமிடங்களுக்கு மீன் வாயைத் திறப்பதுபோல விட்டுவிட்டு மூச்சு இழுக்கும். "உயிர் இருக்கு, மூச்சு விடுறார்" என்று சுற்றி நின்று காத்திருப்பார்கள். அதை மூச்சாகக் கணக்கில் சேர்க்காதீர்கள், உடனே தொடங்குங்கள். மார்பின் நடு எலும்பின் கீழ்ப்பாதியில் ஒரு கையின் அடிப்பகுதியை வைத்து, அதன்மேல் மறு கையை வைத்து, முழங்கை மடங்காமல் அழுத்துங்கள். பெரியவர்களுக்கு 5 முதல் 6 செ.மீ. ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை. ஒவ்வொரு அழுத்தலுக்குப் பிறகும் நெஞ்சு முழுதாக மேலே வரட்டும். சீக்கிரமே களைத்துவிடுவீர்கள், இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறுங்கள். விலா எலும்பு முறியலாம். முறிந்தால் பிறகு சேரும். வாயோடு வாய் வைத்து ஊதத் தெரியாவிட்டால் அழுத்துவது மட்டும் போதும். தண்ணீரில் மூழ்கியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் மட்டும் ஊதுவதும் முக்கியம், பயிற்சி இருந்தால் செய்யுங்கள்.

வலிப்பு வந்தவர் கையில் சாவிக்கொத்து திணிப்பதைப் பற்றி ஒரு வரி: பெரும்பாலான வலிப்புகள் ஓரிரு நிமிடத்தில் தானாகவே நிற்பவை, பேர் மட்டும் சாவிக்குப் போகிறது. பற்களுக்கிடையே கரண்டி வைப்பது அதைவிட மோசம்.

போலீஸ், கேஸ் என்ற பயம் இன்னும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தம் சேர்த்த 134ஏ பிரிவின்படி, சாலை விபத்தில் நல்லெண்ணத்தோடு உதவியவர்மீது வழக்குப் போட முடியாது. பெயர் சொல்லும்படி கட்டாயப்படுத்தவும் முடியாது.

ஆம்புலன்ஸில் வீட்டுப் பெரியவர்தான் ஏறுவார். விழுந்ததைப் பார்த்த பையன் வீட்டிலேயே நின்றுவிடுவான். அவனை அனுப்புங்கள். கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்று அவனுக்குத்தான் தெரியும். பக்கவாதமாக இருந்தால், ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசிக்கு அந்த நேரத்திலிருந்துதான் நாலரை மணி நேரக் கணக்கு. அவன் கையில் மாத்திரை அட்டைகளையும் கொடுத்துவிடுங்கள்.