காற்று அடங்கியதும் முதலில் எங்கே போனீர்கள்?

கடலூர் மஞ்சக்குப்பத்தில் மனநல ஆலோசகராக இருக்கிறேன். வருபவர்களிடம் "உங்களுக்கு வாழ்க்கையில் எது முக்கியம்?" என்று நேராகக் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "குடும்பம்தாங்க." அது பொய் இல்லை. ஆனால் அந்தப் பதிலை வைத்துக்கொண்டு ஓர் அடிகூட நகர முடியாது. குடும்பம் என்றால் பிள்ளையின் காலேஜ் ஃபீஸா, அம்மாவோடு உட்கார்ந்து பேசுகிற அரை மணி நேரமா, ஊர் மெச்சும்படி நடத்துகிற கல்யாணமா? அவர்களுக்கே தெரிவதில்லை. அதுவரை யாரும் அவர்களைக் கேட்டதும் இல்லை.

அதனால் வேறு மாதிரி கேட்கத் தொடங்கினேன். 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. எங்கள் மாவட்டத்தில் முப்பது வயதைத் தாண்டிய யாரும் அந்தக் காலையை மறந்திருக்க மாட்டார்கள். "காற்று அடங்கினதும் வெளியே வந்தீங்களே, முதல்ல எங்கே போனீங்க?"

யோசிக்காமல் சொல்வார்கள். பண்ருட்டிப் பக்கத்துக்காரர் ஒருவர் முந்திரித் தோப்புக்கு ஓடினாராம். அப்பா நட்ட மரங்கள் வேரோடு சாய்ந்து கிடந்ததைச் சொல்லும்போது இன்றும் அவருக்குக் குரல் தழுதழுக்கிறது. தேவனாம்பட்டினத்து அம்மா ஒருவர், தன் வீட்டு ஓடு பறந்ததைக்கூடப் பார்க்காமல், தெருக்கோடியில் தனியாக இருந்த பாட்டியைத் தேடிப் போயிருக்கிறார். பல வருடமாக அக்கம்பக்கத்தாரோடு பேச்சே இல்லாமல் வீட்டுக்குள் முடங்கியிருந்தவர் என்னிடம் சொன்னது இது. அவருடைய வருத்தம் எங்கிருந்து வருகிறது என்று அன்றைக்குத்தான் எனக்குப் பிடிபட்டது. (அடையாளங்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.)

அந்த ஒரு காலையை வைத்து யாரையும் எடைபோட மாட்டேன். பயத்தில் ஓடியவர்களும் உண்டு. பேச்சைத் தொடங்க அது ஒரு நல்ல இடம், அவ்வளவுதான். புயலை அறியாத வயதுப் பிள்ளைகளிடம், "இந்த வாரம் யாரைப் பார்த்துப் பொறாமைப்பட்டே?" என்று கேட்கிறேன். அதிலும் நிறையத் தெரிந்துவிடும்.

1980-களில் உளவியலாளர் ஸ்டீவன் ஹேய்ஸ் வளர்த்தெடுத்த 'ஆக்ட்' (Acceptance and Commitment Therapy) என்ற பேச்சு சிகிச்சைமுறை, இலக்கையும் விழுமியத்தையும் பிரித்துப் பார்க்கச் சொல்கிறது. வீடு கட்டுவது இலக்கு, கிரகப்பிரவேசத்தோடு முடிந்துவிடும். நாலு பேருக்கு உதவியாக இருப்பது விழுமியம், அது என்றைக்கும் முடிவதில்லை. இலக்குகளை மட்டும் நம்பி ஓடியவர்கள், எல்லாம் முடிந்த பிறகு என்னிடம் வருகிறார்கள்.

நெய்வேலிச் சுரங்கத்தில் முப்பது வருடத்துக்கு மேல் ஷிப்ட் பார்த்து ஓய்வு பெற்றவர் ஒருவர் அப்படித்தான் வந்தார். சொந்த வீடு இருக்கிறது, இரண்டு பெண்களுக்கும் கல்யாணம் ஆகிவிட்டது, கடன் இல்லை. "எல்லாம் முடிச்சிட்டேன் மேடம். காலையில நாலு மணிக்கு முழிப்பு வருது. எதுக்கு எழுந்திருக்கணும்னு தெரியல."

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இப்படிப் பேசுகிறவரிடம் உடனே தத்துவம் பேசக் கூடாது. முன்பு பிடித்தது எதுவும் பிடிக்காமல் போவது, தூக்கமும் பசியும் மாறுவது, சதா சோர்வு, இவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். தைராய்டு குறைவு, பி12 சத்துக் குறைவு போன்றவையும் ஆளை இப்படி ஆக்கும். ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். செத்துப்போகலாம் என்ற எண்ணம் வந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். 14416 என்பது டெலி மனஸ் என்ற அரசு மனநல உதவி எண்; எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. அவரையும் முதலில் டாக்டரிடம்தான் அனுப்பினேன். மாத்திரை தொடங்கி, தூக்கம் ஓரளவு சீரான பிறகுதான் மற்றதைப் பேசினோம்.

புயல் கேள்விக்கு அவர் சொன்ன பதில் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. கரண்ட் இல்லாத அந்த நாட்களில் தெரு முனையில் அடுப்புக் கூட்டி, அக்கம்பக்கத்து இருபது வீட்டுக்குக் கஞ்சி காய்ச்சினாராம். "அதெல்லாம் ஒரு விஷயமா மேடம்" என்றார். சொல்லும்போது நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார், அவருக்கே தெரியாமல்.

வடலூர் அவருக்குப் பக்கம்தான். வள்ளலார் 1867-இல் தருமச்சாலையைத் தொடங்கி மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையாமல் எரிகிறது, வருகிறவர்க்கெல்லாம் சாப்பாடு போடுகிறார்கள். நான் யோசனை எதுவும் சொல்லவில்லை. "அந்த மாதிரி மறுபடி எங்கே செய்யலாம்?" என்று மட்டும் கேட்டேன். அடுத்த வாரமே தருமச்சாலைக்குப் போய்க் காய் நறுக்க உட்கார்ந்துவிட்டார். முதல் நாள் வெட்கமாக இருந்ததாம், வீட்டில்கூடச் சொல்லவில்லை.

போன மாதம் வந்தபோது பேச்சுக்கு நடுவே இரண்டு முறை கடிகாரத்தைப் பார்த்தார். அவசர வேலையா என்று கேட்டேன்.

"நாளைக்குப் பூசம் மேடம். கூட்டம் வரும். இன்னைக்கே பூசணிக்காய் எல்லாம் வந்து இறங்கிடும்" என்று சொல்லிக்கொண்டே எழுந்துவிட்டார்.