பல்லில்லாத பிடி: தோள்பையின் வார் நழுவாமல் நிற்பது எப்படி?

காலையில் திருப்பூரின் பல்லடம் ரோட்டில் பனியன் கம்பெனிகளுக்குப் போகிற கூட்டத்தில் பலருடைய தோளில் குறுக்காக ஒரு பை தொங்கும். உள்ளே போன், பர்ஸ், சாவிக்கொத்து, மதியச் சோற்று டப்பா. அந்தப் பையின் வாரில், தீப்பெட்டி அளவுகூட இல்லாத ஒரு பிளாஸ்டிக் சட்டம் கோத்திருக்கும். நடுவில் ஒரு குறுக்குக் கம்பி, அதற்கு இருபுறமும் ஒவ்வொரு சந்து, அவ்வளவுதான். பை தைக்கிற கடைகளில் இதை அட்ஜஸ்டர் என்பார்கள். இதைத் தள்ளினால் வார் நீளும், இழுத்தால் குறையும். தள்ளாமல் விட்டால் நாள் முழுக்கச் சுமை தொங்கினாலும் இடத்தை விட்டு நகராது.

இதில் பல் இல்லை, ஸ்பிரிங் இல்லை, பூட்டும் கிடையாது. அப்படியிருக்க, கையால் லேசாக நகர்கிற ஒன்று ஆறு கிலோ தொங்கும்போது ஏன் நகர மறுக்கிறது? பதில் கொங்கு நாட்டின் கட்டுத்தரையிலேயே இருக்கிறது.

கண்ணபுரம் மாட்டுச் சந்தையிலோ, ஆடியில் கூடும் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையிலோ கவனித்துப் பாருங்கள். முரண்டு பிடிக்கிற காங்கேயம் பூச்சிக்காளையை (இனவிருத்திக் காளையை) ஓர் ஆள் நேருக்கு நேர் இழுத்து நிறுத்த முடியாது. ஆனால் தும்புக் கயிற்றைக் கம்பத்தில் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி, மிச்ச முனையை ஒரு கையில் பிடித்துக்கொண்டால் போதும், காளை நின்றுவிடும். முடிச்சுகூடத் தேவைப்படாது. மரத்துக்கும் கயிற்றுக்கும் இடையிலுள்ள உராய்வுதான் காளையின் இழுப்பைச் சுற்றுக்குச் சுற்று தின்றுவிடுகிறது.

எவ்வளவு தின்கிறது என்பதற்குக் கணக்கு உண்டு. 18ஆம் நூற்றாண்டில் கணிதமேதை ஆய்லர் கண்டது. பின்னால் ஜெர்மானியப் பொறியாளர் ஐட்டல்வைன் பெயரும் சேர்ந்துகொண்டது. ஒரு சுற்று இழுவிசையை எத்தனை மடங்கு குறைக்கிறதோ, அடுத்த சுற்று மிஞ்சியதை மறுபடி அத்தனை மடங்கு குறைக்கும். உராய்வுக் கெழு (இரு பரப்புகள் ஒன்றையொன்று எவ்வளவு பிடிக்கின்றன என்பதைச் சொல்லும் எண்) 0.3 என்று வைத்தால் ஒரு சுற்றுக்கு 6.6 மடங்கு, இரண்டு சுற்றுக்கு 43 மடங்கு, மூன்று சுற்றுக்கு ஏறக்குறைய 285 மடங்கு. கம்பத்தில் மூன்று சுற்றுச் சுற்றிய கயிற்றின் முனையைக் கை ஒரு கிலோ விசையில் பிடித்திருந்தால், மறுமுனையில் 285 கிலோ இழுப்பைத் தாங்கலாம்.

இந்தக் கணக்கில் எனக்கு மிகவும் பிடித்தது, அதில் கம்பத்தின் பருமனுக்கு இடமே இல்லாததுதான். கயிறு எத்தனை டிகிரி வளைந்து தழுவுகிறது என்பதும் உராய்வும் மட்டுமே முக்கியம். அடி பருமனுள்ள மரக்கம்பம் செய்கிற வேலையை மூன்று மில்லிமீட்டர் பிளாஸ்டிக் கம்பியும் செய்யும். அட்ஜஸ்டர் சாத்தியமானதே இதனால்தான்.

இப்போது பையைக் கையில் எடுத்து வார் போகிற வழியை விரலால் தொடருங்கள். பையின் ஒரு பக்கத்தில் தைக்கப்பட்டுத் தொடங்குகிற வார், தோளைத் தாண்டி இறங்கி, அட்ஜஸ்டருக்குள் நுழைந்து, நடுக்கம்பியின் மேல் ஏறி இறங்கி வெளியே வருகிறது. அங்கிருந்து பையின் மறுபக்கத்து வளையத்துக்குப் போய், அதற்குள் புகுந்து திரும்பி மேலே வந்து, அட்ஜஸ்டரின் அதே நடுக்கம்பியில் சுற்றித் தைக்கப்பட்டிருக்கிறது. அதாவது வளையத்துக்கும் அட்ஜஸ்டருக்கும் நடுவில் வார் இரண்டு மடிப்பாக ஓடுகிறது.

பையின் எடை ஆறு கிலோ என்றால் வாரின் இரு பக்கமும் ஆளுக்கு மூன்று கிலோ தாங்கும். அட்ஜஸ்டருக்கு மேலே ஒற்றை வாரில் மூன்று கிலோ. கீழே இரண்டு மடிப்பு. ஒவ்வொன்றிலும் ஒன்றரை கிலோ. அப்படியானால் அட்ஜஸ்டரின் உராய்வு செய்ய வேண்டிய வேலை மூன்றை ஒன்றரையாக்குவது மட்டும்தான். இரண்டுக்கு ஒன்று. காளையை நிறுத்த 285 மடங்கு வேண்டியிருக்கலாம். பையை நிறுத்த வெறும் இரண்டு மடங்கு போதும். வளையத்தில் வார் உரசுவதும் இந்தத் தேவையை இன்னும் கொஞ்சம் குறைத்துவிடுகிறது.

வாரின் உராய்வுக் கெழு 0.25 என்று கொண்டால் இரண்டு மடங்கு பெற ஏறத்தாழ 160 டிகிரி வளைவு வேண்டும். அட்ஜஸ்டரின் முதல் ஓரத்தில் ஒரு வளைவு, நடுக்கம்பியில் அதைப்போல் இரண்டு பங்கு, மறு ஓரத்தில் இன்னொரு வளைவு. சந்துக்குள் வார் 45 டிகிரி சரிவில் ஏறி இறங்கினால் மொத்தம் 180 டிகிரி ஆகிவிடும். பிடிமானம் 2.2 மடங்கு. நிற்கும்.

பிடிமானம் எடையைச் சார்ந்ததல்ல, விகிதத்தைச் சார்ந்தது. பையில் ஒரு கிலோ வைத்தாலும் பத்து கிலோ வைத்தாலும் மேலும் கீழும் இழுவிசை ஒரே விகிதத்தில்தான் ஏறும். சுமை கூடக் கூட அழுத்தமும் கூடி, உராய்வும் கூடவே வளர்கிறது. பூட்டு வேலையைச் சுமையே பார்த்துக்கொள்கிறது. நீளத்தை மாற்ற நினைக்கும்போது நாம் என்ன செய்கிறோம்? பையைக் கையால் தாங்கி இழுப்பை எடுத்துவிடுகிறோம். அல்லது நடுக்கம்பியின் மேலுள்ள வாரைக் கிள்ளித் தூக்கி வளைவைக் குலைக்கிறோம். உடனே வார் ஓடுகிறது.

பழைய பையின் வார் ஏன் மணிக்கொரு தரம் இறங்கித் தொல்லை தருகிறது என்பதும் இங்கே விளங்கும். தேய்ந்து மெலிந்த வார் சந்துக்குள் தளர்வாக ஓடும். சரிவு 45-இலிருந்து 35 டிகிரியாகக் குறைந்தால் மொத்த வளைவு 140 ஆகிவிடும், பிடிமானம் 1.84 மடங்குக்கு விழும். இரண்டைத் தொடவில்லை, ஆகவே நழுவும். புதுப் பையிலேயே இப்படி நடந்தால் மெல்லிய வாருக்கு அகலச் சந்துள்ள அட்ஜஸ்டரைப் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். பையைக் குறை சொல்லித் தூக்கிப் போட வேண்டாம். சந்து குறுகிய அட்ஜஸ்டர் ஒன்றை மாற்றிக் கோத்தால் சரியாகிவிடும். வண்டியில் போகும்போது அதிகம் நழுவுவதற்குக் காரணம் வேறு: ஒவ்வொரு பள்ளத்திலும் பை ஒரு கணம் எகிறி, இழுப்பு அற்றுப்போகிறது, விறைப்பான வார் அந்தக் கணத்தில் நிமிர்ந்து பிடியைத் தளர்த்துகிறது, அட்ஜஸ்டர் ஒரு மயிரிழை இறங்குகிறது.

சந்தைக்கு வரும் மாட்டு வியாபாரிகளின் இடுப்பைப் பார்த்தால் இன்னொரு வழி தெரியும். வேட்டிக்கு மேல் கட்டுகிற அகலமான பச்சை பெல்ட். பணம், துண்டுச்சீட்டு, போன் எல்லாம் அதன் பைகளுக்குள். அதை இறுக்குவது முள்ளும் ஓட்டையும். உராய்வை நம்பாத ஏற்பாடு இது. முள் ஓட்டையில் மாட்டியபின் நழுவ வழியே இல்லை. கட்டுக்கட்டாகப் பணம் வைக்கிறவர் இதை நம்புவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஓட்டைக்கு ஓட்டைதான் மாற்றலாம், நடுவில் நிறுத்த முடியாது. இன்னொன்று, தோலுக்குள் நார்கள் எல்லாத் திசையிலும் பின்னிக் கிடப்பதால் ஓட்டை போட்டாலும் கிழிந்து ஓடாது. நெய்த வாரில் ஓட்டை போட்டால் சுமை தாங்கும் இழைகளையே அறுத்துவிடுவோம். நெய்த வாருக்கு அட்ஜஸ்டர் பொருந்திப் போனதற்கு இது முக்கியமான காரணம்.

மூன்றாவது வகையும் உண்டு. கோவை செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஓட்டும் பைக் வீரர்களின் ஹெல்மெட் வாரில் இரட்டை வளையம் இருக்கும். வாரை இரண்டு வளையத்துக்குள்ளும் விட்டு, மேல் வளையத்தைத் தாண்டி, கீழ் வளையத்துக்குள் மட்டும் திருப்பி எடுப்பார்கள். இங்கே மிச்ச முனையை யாரும் பிடிக்கவில்லை. அதில் இழுவிசை பூஜ்யம். பூஜ்யத்தை எத்தனை மடங்கு பெருக்கினாலும் பூஜ்யம்தானே? ஆய்லரின் கணக்குப்படி மட்டும் பார்த்தால் இது நிற்கவே கூடாது. நிற்பதற்குக் காரணம், சுமை தாங்கும் பகுதி தன் அடியில் கிடக்கும் முனையை வளையத்தோடு சேர்த்து நசுக்குவது. இழுக்க இழுக்க நசுக்கல் கூடும். விழும்போது கழலவே கூடாத இடத்தில் இதை வைத்திருப்பது பொருத்தமான முடிவு.

உராய்வு இவ்வளவு முக்கியம் என்றால், வார் எதனால் ஆனது என்பதும் முக்கியம். ஈரோடு, சென்னிமலைப் பக்கத்து நெசவாளர்களுக்குப் பாவும் (நீளவாட்டு இழை) ஊடையும் (குறுக்கு இழை) சொல்லித் தர வேண்டியதில்லை. பவானி ஜமக்காளத்தில் ஊடை தடித்து மேலோங்கி, பாவை மூடிக்கொள்ளும். வண்ணப் பட்டைகள் எல்லாம் ஊடையில் வருபவை. பை வாரில் நேர்மாறு. இழுப்பு முழுவதும் நீளவாட்டில் வருவதால் பாவு இழைகள் நெருக்கமாக அடுக்கப்பட்டு, ஊடை உள்ளே மறைந்து அவற்றைக் கட்டி வைக்கிற வேலையை மட்டும் செய்கிறது. பாவு இழைகள் ஊடைக்கு மேலும் கீழும் ஏறி இறங்கும் சின்னச் சின்ன மேடுகள்தான் அட்ஜஸ்டரின் ஓரத்தில் பிடித்துக்கொள்கின்றன. புது வாரின் சொரசொரப்பு அதுதான். நாள்பட அது மழுங்குகிறது.

கடையில் எதைக் கேட்டாலும் ‘நைலான் பெல்ட்’ என்றே கொடுப்பார்கள். உண்மையில் அது நைலானாக, பாலியெஸ்டராக, பாலிபுரொப்பிலீனாக இருக்கலாம். கண்டுபிடிக்க ஒரு டம்ளர் தண்ணீர் போதும். சிறு துண்டை வெட்டி, ஒரு சொட்டு சோப்புத் தண்ணீரில் நன்றாகப் பிசைந்து காற்றுக் குமிழிகளை விரட்டிவிட்டுப் போடுங்கள். மிதந்தால் பாலிபுரொப்பிலீன், அதன் அடர்த்தி 0.91. நைலான் 1.14, பாலியெஸ்டர் 1.38, இரண்டும் மூழ்கும். பாலிபுரொப்பிலீன் மலிவு, ஆனால் வழுக்கும். காப்பு மருந்து சேர்க்காதது என்றால் வெயிலில் நைந்தும் போகும். தாராபுரத்து வெயிலில் வண்டி ஹாண்டில்பாரிலேயே தொங்குகிற பைக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

நைலானை 1935-இல் அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனத்தில் வாலஸ் கரோதர்ஸ் உருவாக்கினார். உறுதியானது, தேய்மானம் தாங்கும். ஒரு குறை, சாதாரண ஈரப்பதத்திலேயே தன் எடையில் 4 சதவீதம் அளவுக்கு நீரை உறிஞ்சிக்கொள்ளும். நனைந்தால் கொஞ்சம் நீளும். பாலியெஸ்டர் உறிஞ்சுவது 0.4 சதவீதம்தான். மழையில் நனைந்தபடி போய்வருகிறவர்களுக்குப் பாலியெஸ்டர் வாரே மேல். மூன்றுமே உருகக்கூடியவை. அதனால்தான் வெட்டிய முனையை மெழுகுவத்தியில் ஒரு நொடி காட்டினால் இழைகள் ஒட்டிக்கொண்டு பிரியாமல் நிற்கின்றன. பருத்தி வாரில் இது நடக்காது, கருகும்.

பொருளைத் தோளில் தொங்கவிடுவது ஒன்று, வண்டியில் கட்டி வைப்பது இன்னொன்று. சீட்டின் பின்னால் டிபன் பையைக் கட்டும்போது நீளாத வாரை எவ்வளவு இறுக்கினாலும், வழியில் பை சில மில்லிமீட்டர் அமுங்கியதும் இறுக்கம் முழுவதும் போய்விடும். வண்டிகளில் சைக்கிள் டியூபைக் கீறிக் கட்டுவது அதனால்தான் நன்றாக வேலை செய்கிறது. ரப்பரின் நீண்ட மூலக்கூறுகள் தாறுமாறாகச் சுருண்டு கிடக்கவே முயல்பவை. இழுத்தால் வரிசைக்கு வரும், விட்டால் பழைய குழப்பத்துக்கே திரும்பும். பை அமுங்கினாலும் பின்தொடர்ந்து சுருங்கி இறுக்கத்தைக் காப்பாற்றும். திருப்பூரில் உள்ளாடைகளுக்காக நெய்யப்படும் எலாஸ்டிக் நாடாவிலும் ரப்பர் அல்லது ஸ்பான்டெக்ஸ் இழை செய்வது இதையே. ஆனால் எலாஸ்டிக்கைத் தோள்வாராகப் போட்டால் நடக்கும் ஒவ்வொரு அடிக்கும் பை குதிக்கும், தோளும் வலிக்கும்.

சாவியையோ சார்ஜர் ஒயரையோ சுற்றி வைக்க வெல்க்ரோ போதும். காட்டுச் செடியின் முட்காய் தன் துணியிலும் நாயின் மயிரிலும் ஒட்டியதைக் கவனித்த சுவிஸ் பொறியாளர் ஜார்ஜ் டி மெஸ்த்ரால் கண்டது, காப்புரிமை 1955-இல். வேலியோரம் போய்வந்தால் வேட்டியில் நாயுருவி ஏறுகிற மாதிரிதான். வெல்க்ரோவைப் பக்கவாட்டில் இழுத்தால் ஆயிரம் கொக்கிகளும் சேர்ந்து எதிர்க்கும். ஓரத்திலிருந்து உரித்தால் ஒரு நேரத்தில் ஒரு வரிசைதான் எதிர்க்கும், சுலபமாகக் கழலும். ஆனால் பஞ்சுத் தூசி பறக்கும் நூல் மில்லில் அதன் கொக்கிகள் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும்.

வார் எங்கே அறுகிறது என்று பார்த்தால் பெரும்பாலும் நடுவில் அறுவதில்லை, தையலில்தான். குறுக்காக ஒரே வரிசை தைத்திருந்தால் சுமை முழுவதும் அந்த ஒரு கோட்டில் விழும், ஊசி போட்ட துளைகளும் பாவு இழைகளை ஒரே இடத்தில் பலவீனப்படுத்தும். சதுரமாகத் தைத்து உள்ளே பெருக்கல் குறி போட்டிருந்தால் சுமை பல தையல்களுக்குப் பங்காகும். பை வாங்கும்போது துணியையும் ஜிப்பையும் பார்ப்பதற்கு முன், வார் தொடங்குகிற இடத்தையும் அட்ஜஸ்டரின் நடுக்கம்பியில் சுற்றியிருக்கும் தையலையும் திருப்பிப் பாருங்கள். பிறகு பைக்குள் ஏதாவது கனமாக வைத்து, வாரைப் பிடித்து நாலைந்து தடவை உலுக்குங்கள். அட்ஜஸ்டர் ஒரு விரற்கடை இறங்கினால் வேறு பை பாருங்கள். வாங்கிவிட்ட பையில் வார் தேய்ந்துபோயிருந்தால், நீளத்தை ஒரு விரல் அளவு மாற்றி வையுங்கள். தேயாத பகுதி நடுக்கம்பிக்கு வந்துவிடும், இன்னும் கொஞ்ச காலம் பிடிக்கும்.