அம்மாவின் கையிலிருந்து வேலையைப் பிடுங்காதீர்கள்

வயதான பெற்றோரை அழைத்து வரும் பிள்ளைகள் பலர் என்னிடம் முதலில் சொல்வது இதுதான்: "இனிமே நீங்க ஒரு வேலையும் செய்ய வேண்டாம்னு சொல்லிட்டோம் சார், நல்லா ரெஸ்ட் எடுக்கட்டும்." அடுத்த மூச்சிலேயே, சில மாதங்களாக மறதி கூடிவிட்டது, நடையும் தளர்ந்துவிட்டது, காரணம் தெரியவில்லை என்கிறார்கள். அந்த ஓய்வுக்கும் இந்த மறதிக்கும் தொடர்பு உண்டு என்று இயன்முறை மருத்துவராக ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துப்போனதால்தான் இதை எழுதுகிறேன்.

அண்மையில் வந்தவர் எழுபதைக் கடந்த ஓர் அம்மா. கணவர் காலமான பிறகு, உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து மகன் அவரை மதுரைக்கு அழைத்து வந்து மூன்றாம் மாடி வீட்டில் வைத்திருக்கிறார். ஊரில் இருந்தவரை விடிவதற்கு முன்பே எழுந்து வாசல் தெளித்துக் கோலம் போட்டு, தெருக்குழாயில் தண்ணீர் பிடித்து, ஆடுகளுக்குத் தழை ஒடித்து, ரேஷன் கடைக்கு நடந்தே போய்வந்த உடம்பு அது. இங்கே தண்ணீர் டம்ளர்கூடக் கைக்கு வந்துவிடுகிறது. காலையில் நாற்காலி, மாலையில் நாற்காலி, எதிரே தொலைக்காட்சி.

நாற்காலியிலிருந்து எழுந்து, மூன்று மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்காரச் சொன்னேன். இதற்கு 12 விநாடிகளோ அதற்கு மேலோ ஆனால் கீழே விழும் அபாயம் இருக்கிறது என்று கொள்வோம். அவர் கைப்பிடியை ஊன்றியும் முதல் முறை எழ முடியவில்லை. இரண்டாம் முறை எழுந்து நடந்துகொண்டிருக்கும்போது, "ஊர்ல ஆடு எத்தனை இருந்துச்சும்மா?" என்று கேட்டேன். நின்றுவிட்டார். யோசித்துப் பதில் சொன்ன பிறகே அடுத்த அடி வைத்தார். பேச்சுக் கொடுத்தால் நடை நின்றுவிடும் முதியவர்களே அடுத்த ஆறு மாதங்களில் அதிகம் விழுகிறார்கள் என்பதை சுவீடன் ஆய்வாளர்கள் 1997ஆம் ஆண்டிலேயே லான்செட் மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார்கள். நடப்பது காலின் வேலை மட்டும் என்று நினைப்பவர்கள் இந்தச் சோதனையை ஒருமுறை அருகில் நின்று பார்க்க வேண்டும். திசையும் தூரமும் தரையின் மேடுபள்ளமும் எதிரே வரும் ஆளும் என எல்லாவற்றையும் நடக்கும் ஒவ்வொரு கணமும் மூளைதான் கணக்கிட்டுக்கொண்டிருக்கிறது. நடையை நிறுத்தினால் அந்தப் பயிற்சி முழுவதும் நின்றுபோகிறது.

இந்த "ரெஸ்ட்" என்ற எண்ணத்தைப் பற்றித்தான் நான் விரிவாகப் பேச வேண்டும், ஏனெனில் இது பாசத்தின் பெயரால் வருவதால் யாரும் இதைக் கேள்வி கேட்பதில்லை. காய்ச்சலுக்கும் அறுவைச் சிகிச்சைக்கும் ஓய்வு மருந்து. அதுவும் சில நாள்களுக்குத்தான். முதுமை காய்ச்சல் அன்று. முதியவர் பத்து நாள் படுக்கையில் இருந்தாலே கால் தசை கண்ணுக்குத் தெரியும்படி கரைகிறது. இழந்ததை மீட்க அதைவிடப் பல மடங்கு நாளாகிறது. தசையோடு தைரியமும் போய்விடுகிறது. விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் நடையைக் குறைக்கிறார், குறைத்ததால் இன்னும் தளர்கிறார், தளர்ந்ததால் உண்மையிலேயே விழுகிறார். இதற்கிடையில் கடைக்காரரிடம் பேரம் பேசுவது, சில்லறை எண்ணுவது, வழியில் நாலு பேரிடம் நலம் விசாரிப்பது என்று மூளைக்கு இருந்த அன்றாட வேலைகளும் ஒவ்வொன்றாகப் போய்விடுகின்றன. "ஊரில் இவ்வளவு வேலை செய்தது போதும்" என்கிறார்கள் பிள்ளைகள். அவர் இத்தனை நாள் தெளிவாக இருந்ததில் அந்த வேலைக்கும் பங்கு உண்டு என்பதை ஏன் யோசிப்பதில்லை?

இதற்குச் சான்று கேட்பவர்களுக்காகச் சொல்கிறேன். நினைவாற்றலுக்கு அடிப்படையான ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப் பகுதி வயதாக ஆகச் சுருங்குவது இயல்பு. அமெரிக்காவில் 120 முதியவர்களை இரண்டு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவை வாரம் மூன்று நாள், நாளுக்கு 40 நிமிடம் வரை ஓராண்டு நடக்க வைத்தார்கள். மற்றக் குழு தசைகளை நீட்டி மடக்கும் பயிற்சி மட்டும் செய்தது. 2011இல் வெளியான முடிவின்படி, நடந்தவர்களுக்கு அந்தப் பகுதி ஏறக்குறைய 2 சதவீதம் வளர்ந்திருந்தது. மற்றவர்களுக்கு ஒரு சதவீதத்துக்கும் மேல் சுருங்கியிருந்தது. 2024இல் லான்செட் ஆணையம் வெளியிட்ட அறிக்கை, மாற்றிக்கொள்ளக்கூடிய 14 காரணங்களைச் சரிசெய்தால் உலகில் ஏறக்குறைய 45 சதவீத மறதிநோயை (டிமென்ஷியா) தவிர்க்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்கிறது. உடலியக்கம் இல்லாமை அவற்றில் ஒன்று. இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு, மறதிநோய் இருப்பதாக மதிப்பிட்டிருக்கிறார்கள். இது யார் வீட்டுக்கும் வரக்கூடியது.

நடை எல்லாவற்றையும் குணமாக்கும் என்று நான் சொல்லவில்லை. மறதிநோய் உறுதியான ஏறக்குறைய 500 பேரிடம் இங்கிலாந்தில் நடத்தி 2018இல் வெளியிட்ட ஆய்வில், உடல் தகுதி கூடியதே தவிர மறதியின் வேகம் குறையவில்லை. ஆகவே முற்றிய பிறகு தேடிவருவதைவிட ஐம்பதிலும் அறுபதிலுமே தொடங்குங்கள். நோய் வந்தவர்களையும் தயவுசெய்து முடக்கிவிடாதீர்கள். தானே எழுந்து கழிப்பறைக்குப் போய்வரும் திறன் இன்னும் ஓராண்டு நீடித்தால் அது அவருக்கும் பார்த்துக்கொள்பவருக்கும் எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை வீடுவீடாகப் போய்ப் பார்ப்பவன் என்பதால் சொல்கிறேன்.

"முட்டி தேய்ஞ்சு போச்சு, நடந்தா இன்னும் தேயும்" என்பார்கள். தொடைத் தசை வலுவாக இருந்தால் முழங்காலின் மீது விழும் பாரம் குறையும். உட்கார்ந்தே இருந்தால் வலி கூடத்தான் செய்யும். விளம்பரம் பார்த்து வாங்கும் ஞாபகசக்தி மாத்திரைகளைப் பற்றி ஒன்றே சொல்வேன்: அந்தப் பணத்தில் பின்பட்டை உள்ள நல்ல காலணி ஒன்று வாங்கிக் கொடுங்கள். வழுக்கும் ரப்பர் செருப்பில் நடக்க விடாதீர்கள்.

வாரத்துக்கு 150 நிமிடம், பேச முடிகிற ஆனால் பாட முடியாத வேகத்தில் நடக்க வேண்டும். ஒரே மூச்சில் முடியாதவர் பத்துப் பத்து நிமிடமாகப் பிரித்துக்கொள்ளலாம். பத்தாயிரம் அடி என்ற எண்ணைப் பார்த்து மலைக்க வேண்டாம். நாளுக்கு 3,800 அடி நடந்தவர்களிடமே மறதிநோய் குறைவாக இருந்ததை பிரிட்டன் மக்களின் தரவை வைத்து நடந்து 2022இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியிருக்கிறது. நடை மட்டும் போதாது. 65 வயதைக் கடந்தவர்கள் வாரம் மூன்று நாளாவது, நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காரும் பயிற்சியும், சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்கும் பயிற்சியும் செய்ய வேண்டும். அருகில் ஒருவர் இருக்கட்டும். வீட்டை விட்டு வர முடியாதவர்களுக்கு மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறைச் சிகிச்சை வீட்டுக்கே வருகிறது; ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்ட பிறகே தொடங்க வேண்டும். சர்க்கரைக்கு இன்சுலின் போடுபவர் வெறும் வயிற்றில் நடக்கக் கூடாது, சட்டைப்பையில் இனிப்பு வைத்திருக்க வேண்டும். பி.பி. மாத்திரை சாப்பிடுபவர் படுக்கையிலிருந்து எழுந்ததும் ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு நிற்கட்டும். நெஞ்சு வலித்தாலோ மூச்சுத் திணறினாலோ உடனே நிறுத்திவிட வேண்டும்.

அந்த அம்மாவை வைட்டமின் பி12, தைராய்டு பரிசோதனைகளுக்காகப் பொது மருத்துவரிடம் அனுப்பியிருக்கிறேன். சரிசெய்யக்கூடிய குறைபாடு மறதிக்குள் ஒளிந்திருக்கலாம் என்பதால் இதைத் தவிர்க்கக் கூடாது. பாலும் காய்கறியும் இனி அவரே கீழே போய் வாங்கி வரட்டும் என்று மகனிடம் சொன்னேன். முதலில் மகன் கூடவே போக வேண்டும், படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொள்ள வேண்டும், பையில் கனம் கூடாது. ஒன்றை மட்டும் எல்லாரும் பிரித்துப் பாருங்கள்: மாதக்கணக்கில் மெல்ல வரும் மறதி வேறு, நேற்றுவரை நன்றாக இருந்தவர் இன்று உளறுவது வேறு. பின்னதற்குத் தொற்று, உப்புச்சத்துக் குறைவு, சர்க்கரை இறக்கம், பக்கவாதம், தலையில் பட்ட அடி என ஏதேனும் காரணமாக இருக்கலாம். அப்போது வயதானால் அப்படித்தான் என்று விட்டுவிடாமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.