ஞானப்பல்லின் மேல் பழி போடாதீர்கள்

"பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே கம்பி போட்டேன் டாக்டர், மறுபடியும் கோணலாகிவிட்டது" என்று வருகிறவர்களில் பாதிப் பேர் திருமணத்துக்கு நாள் குறித்துவிட்டுத்தான் வருகிறார்கள். முகூர்த்தத்துக்குள் சரியாக வேண்டுமாம். அவர்கள் அடுத்துச் சொல்லப்போவதும் எனக்கு மனப்பாடம்: "ஞானப்பல் முளைத்துத் தள்ளிவிட்டது."

தள்ளவில்லை. ஞானப்பல் பிறவியிலேயே இல்லாதவர்களுக்கும் கீழ் முன்பற்கள் நெருக்குகின்றன, பிடுங்கிக்கொண்டவர்களுக்கும் நெருக்குகின்றன. ஏற்கெனவே பல் சீரமைப்பு முடித்தவர்களில் சிலருக்கு ஞானப்பல்லைப் பிடுங்கியும், சிலருக்கு விட்டுவைத்தும், சராசரியாக ஐந்து ஆண்டுகளுக்கு மேல் கவனித்த பிரிட்டிஷ் ஆய்வு ஒன்று 1998இல் வெளியானது. முன்பல் நெருக்கத்தைத் தடுப்பதற்காக ஞானப்பல்லைப் பிடுங்குவது நியாயமில்லை என்பதே அதன் முடிவு. ஞானப்பல் முளைப்பது பதினேழிலிருந்து இருபத்தைந்துக்குள். கம்பியைக் கழற்றிய பிறகு பல் பழையபடி நகராமல் இருக்க மாட்டிக்கொள்ளும் ரீடெய்னரை மேசை இழுப்பறையில் போட்டுவிட்டு மறப்பதும் அதே வயதில்தான். பழி மட்டும் ஞானப்பல்லுக்கு! சொத்தை, சீழ், பக்கத்துப் பல்லை அரிப்பது போன்ற காரணம் இருந்தால் பிடுங்கச் சொல்லி நானே அனுப்புவேன். கோணலுக்காக அனுப்ப மாட்டேன்.

"ரீடெய்னர் எங்கே?" என்று கேட்டால் பதில் வராது. கம்பியைக் கழற்றியதோடு சிகிச்சை முடிந்தது என்று யார் சொன்னார்கள்? ஈறு நார்கள் ஓர் ஆண்டு வரைகூட பல்லைப் பழைய இடத்துக்கு இழுக்கும். அதன் பிறகும் வயது ஏற ஏறத் தாடையின் பல்வரிசை குறுகிக்கொண்டேதான் இருக்கும், கம்பியே போடாதவர்களுக்கும்கூட. எத்தனை காலம் பல் நேராக இருக்க வேண்டுமோ, அத்தனை காலம் இரவில் ரீடெய்னர்.

சரி, இரண்டாவது முறை போடலாமா? தாராளமாக. நாற்பதிலும் ஐம்பதிலும் பல் நகரும். ஆனால், ஈறு நோய் இருந்தால் முதலில் அதற்குத்தான் மருத்துவம். நேராக இருந்த மேல் முன்பற்கள் விரிந்து இடைவெளி விழுந்தால் ரீடெய்னரை மட்டும் குறை சொல்ல முடியாது. உள்ளே எலும்பு கரைந்துகொண்டிருக்கலாம். அந்த நிலையில் பல்லை நகர்த்தினால் மிச்ச எலும்பும் போகும். சர்க்கரை, புகை, எலும்புத் தேய்மானத்துக்குப் போடும் மாத்திரை, ஊசி எதையும் மறைக்காதீர்கள். முதல் சிகிச்சையில் வேர் நுனி தேய்ந்திருக்கிறதா என்று எக்ஸ்-ரே பார்க்காமல் நான் தொடங்குவதில்லை. அப்போதே நான்கு பல் எடுத்திருந்தால் இப்போது பெரும்பாலும் பற்களின் பக்கவாட்டில் அரை மில்லிமீட்டருக்கும் குறைவாகச் சீவித்தான் இடம் உண்டாக்குவோம்.

இணையத்தில் பல் அச்செடுக்கும் பெட்டி வாங்கி வீட்டிலேயே அளவெடுத்து, அலைனர் (கம்பிக்குப் பதிலாகப் பல்லை நகர்த்தும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் உறை) மாட்டிக்கொள்வது மட்டும், தயவுசெய்து, வேண்டாம். அமெரிக்காவில் அப்படி விற்ற ஒரு பெரிய நிறுவனம் 2023 டிசம்பரில் கடையை மூடியபோது, பாதிச் சிகிச்சையில் இருந்தவர்கள் வாயில் அலைனரோடு நின்றார்கள்.

ரீடெய்னரை வெந்நீரில் கழுவாதீர்கள், வளைந்துவிடும். உணவகத்தில் டிஷ்யூ காகிதத்தில் சுற்றி வைக்காதீர்கள். மேசை துடைப்பவர் குப்பையில் போட்டுவிடுவார், அவர் மேல் தவறில்லை. ரீடெய்னராகப் பல்லின் பின்புறம் ஒட்டிய கம்பி ஓரிடத்தில் விட்டாலும் அந்த வாரமே வாருங்கள். பழைய ரீடெய்னர் சற்று இறுக்கமாக இருந்தால் இன்று இரவே போடத் தொடங்குங்கள். உட்காரவே மறுத்தால் அழுத்தாமல் கையோடு கொண்டுவாருங்கள். பல் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று அதை வைத்தே பார்த்துவிடலாம்.