தேக்கினால் நாறும்

“தண்ணீரை வீணாக்கக் கூடாதுன்னுதான் போட்டோம், இப்போ வீடே நாறுது.” குளித்த, துவைத்த தண்ணீரைத் தோட்டத்துக்குத் திருப்பும் அமைப்புகளைப் பற்றி எனக்கு வரும் புகார்களில் பாதி இந்த ரகம். போய் மூடியைத் திறந்தால் ஒரு பெரிய தொட்டி. மேலே சோப்பு ஏடு, அதற்குக் கீழே கறுத்த தண்ணீர், அழுகிய முட்டை வாடை. வீட்டில் நாலு நாள் ஆள் இல்லை, அவ்வளவுதான் நடந்திருக்கும்.

குளித்த தண்ணீரும் துணி துவைத்த தண்ணீரும் வெளியே வரும்போது அவ்வளவு மோசமில்லை. ஆனால் அதிலிருக்கும் அழுக்கும் சோப்பும் பாக்டீரியாவுக்குத் தீனி. அவை தின்னத் தின்ன நீரிலுள்ள ஆக்சிஜன் தீர்ந்துவிடும். அப்புறம் ஆக்சிஜன் தேவைப்படாத கூட்டம் பெருகி, நீரில் கரைந்திருக்கும் சல்பேட் உப்பை ஹைட்ரஜன் சல்பைடு வாயுவாக மாற்றும். அந்த முட்டை வாடை இதுதான். அதனால்தான் 24 மணி நேரத்துக்கு மேல் தேக்க வேண்டாம் என்கிறோம்.

சரி, தேக்காமல் என்ன செய்வது? ஜல்லிப் படுகை வழியாக ஓடவிடலாம். அடியில் நீர் கசியாத விரிப்பு, அதன்மேல் சுமார் 60 செ.மீ. கழுவிய ஜல்லி, அதில் நாணலோ கல்வாழையோ. ஆளுக்கு 1 முதல் 2 சதுர மீட்டர் வேண்டும். தண்ணீர் ஜல்லியின் மேல்மட்டத்துக்கு 5 செ.மீ.யாவது கீழேயே நிற்கட்டும். வெளியே தெரிந்தால் கொசு வந்துவிடும். செடிதான் சுத்தம் செய்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். ஓடிக்கொண்டிருக்கும் படுகையில் ஒரு கல்லை எடுத்துத் தடவிப் பாருங்கள், வழவழவென்று இருக்கும். அந்த நுண்ணுயிர்ப் படலம்தான் பெரும்பாலான வேலையைச் செய்கிறது.

சமையலறை சிங்க்கை இதில் சேர்க்கச் சொல்லிக் கேட்பார்கள். எண்ணெய்ப் பிசுக்கு ஜல்லியை அடைத்துவிடும். முன்னால் ஒரு பிசுக்குத் தொட்டி வைத்து, அதைத் தவறாமல் வழித்தெடுப்பீர்கள் என்றால் சேர்க்கலாம். மாட்டீர்கள் என்றால், தயவுசெய்து வேண்டாம்.

இன்னொன்று சலவைத்தூள். பல தூள்களில் சோடியம் உப்புகள் அதிகம். படுகை அழுக்கை எடுக்கும், சோடியத்தை எடுக்காது. களிமண் தோட்டத்தில் தொடர்ந்து விட்டால் மண் இறுகி, ஊற்றிய தண்ணீர் உள்ளே இறங்காமல் நிற்கும். திரவ சோப்பில் பொதுவாக இந்தத் தொல்லை குறைவு. பச்சையாகத் தின்னும் கீரைக்கும் கிழங்குக்கும் இந்த நீர் வேண்டாம், மரங்களுக்கு விடுங்கள்.

பிளீச் போட்டுத் துவைக்கும் நாளிலும், குழந்தையின் மலத்துணி அலசும்போதும் தண்ணீரைச் சாக்கடைக் குழாய்க்குத் திருப்ப ஒரு வால்வு கட்டாயம். அதைத் துவைக்கிற இடத்திலேயே, கைக்கு எட்டும் உயரத்தில் வையுங்கள். வீட்டைச் சுற்றிப் போய்க் குனிந்து திருப்ப வேண்டுமென்றால் இரண்டாம் வாரமே யாரும் தொட மாட்டார்கள்.