மாட்டுக்கு இரண்டு விரல், குதிரைக்கு ஒன்றுதான்

"சப்பை நழுவிப்போச்சுங்க டாக்டர். வந்து இழுத்து உட்டீங்கன்னா சரியாயிடும்" என்று பெரியவர் போனில் சொன்னார். சப்பை என்று அவர் சொன்னது முன்னங்காலின் தோள்பட்டையை. தலைமுறைகளாக மாடு வளர்க்கும் குடும்பம். ஆடி மாத அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில் மகன் ஆசைப்பட்டு ஒரு பெண்குதிரை வாங்கி வந்திருந்தார்.

போய்ப் பார்த்தேன். குதிரை முன்னங்கால் இரண்டையும் முன்னால் நீட்டி, பின்னங்கால்களை வயிற்றுக்கு அடியில் கொடுத்து, உடம்பைப் பின்னுக்குத் தள்ளி நின்றது. குளம்பில் கை வைத்தால் சூடு. கணுவுக்குப் பின்புறம் விரல் வைத்ததும் நாடி தடதடவென்று அடித்தது. விசாரித்தால், இரண்டு நாள் முன்பு ராத்திரி கயிற்றை அவிழ்த்துக்கொண்டு போய் கம்பு மூட்டையில் வாய் வைத்திருக்கிறது. சப்பையில் ஒரு கோளாறும் இல்லை. குளம்புக்குள் அழற்சி.

உங்கள் கையை மேசைமேல் விரல் நுனிகள் மட்டும் படும்படி ஊன்றுங்கள். நடுவிரலையும் மோதிர விரலையும் விட்டு மற்றதையெல்லாம் தூக்கினால் அது மாட்டின் முன்னங்கால். மாட்டின் கணுவுக்குப் பின்னால் தொங்கும் இரண்டு சின்னக் குளம்புகள்தான் ஆள்காட்டி விரலும் சுண்டுவிரலும். மோதிர விரலையும் தூக்கிவிட்டால் குதிரை. நடுவிரல் நகத்தின்மேல் நிற்கிற பிராணி அது. நாம் முன்னங்கால் 'முட்டி' என்று சொல்வது இரண்டுக்குமே மணிக்கட்டுதான்.

தோளை நெஞ்செலும்போடு இணைக்கும் காறையெலும்பு இரண்டுக்கும் கிடையாது. முன்னங்கால் உடம்போடு சேர்ந்திருப்பது தசையால்தான். தொட்டிலில் கிடக்கிற மாதிரி நெஞ்சுக்கூடு இரண்டு சப்பைக்கும் நடுவில் தொங்குகிறது. குதிரையின் எடையில் ஏறக்குறைய 60 சதவீதம் முன்னங்கால்களில் இறங்குகிறது. அதனால் முன்னங்கால் நொண்டினால் சப்பையைப் பிடித்து இழுக்காதீர்கள், முதலில் குளம்பைத் தூக்கிப் பாருங்கள்.

மாட்டுக்கு ஒரு குளம்பு வலித்தால் பக்கத்துக் குளம்பில் சாய்ந்துகொள்ளும். முன்னங்கால்களைப் பின்னிக்கொண்டு நிற்கிற பசுவைப் பார்த்துச் சிரிப்பார்கள். பெரும்பாலும் அதற்கு உட்பக்கக் குளம்புகள் இரண்டிலும் வலி. எடையை வெளிக்குளம்புக்கு மாற்றத்தான் அந்த நிற்பு. நாங்களும் அதே வழியில்தான் போகிறோம். நல்ல குளம்பின் அடியில் மரக்கட்டை ஒட்டினால் புண்பட்டது தரையில் படாமல் ஆறும். லாடக்காரர் மாட்டின் ஒரு காலுக்கு இரண்டு துண்டாக லாடம் அடிப்பதும் இந்த இரட்டைக் குளம்புக்காகத்தான்.

குதிரைக்குச் சாய்ந்துகொள்ள இன்னொரு விரல் இல்லை. குளம்பின் கெட்டியான வெளிக்கூட்டையும் உள்ளே இருக்கும் எலும்பையும் சேர்த்துப் பிடித்திருப்பவை அறுநூறு வரையிலான மெல்லிய தகடுகள். அவை அழன்று பிடி விட்டால் எலும்பு குளம்புக்குள்ளேயே திரும்பும், கீழே இறங்கும். தானியம் தின்றது தெரிந்த உடனே, நொண்டும் முன்பே, கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். அவர் வரும்வரை குளம்புகள் ஐஸ் தண்ணீரில் இருக்கட்டும். சுளுக்கு எடுக்கிறேன் என்று நடக்கவிடாதீர்கள்.

மாட்டுக்காரர்களுக்கும் ஒன்று. மாடு பின்பக்கத்தை முதலில் தூக்கி, முன்முட்டியை ஊன்றித்தான் எழும். வெறும் சிமெண்ட் தரையில் தினமும் இப்படி எழுந்தால் முட்டியில் நீர் கோத்து வீங்கும். அதைக் கீறிவிடாதீர்கள், சீழ் பிடித்தால் மூட்டுக்கே ஆபத்து. ரப்பர் விரிப்பு போடுங்கள். குதிரை முன்னங்காலை முதலில் ஊன்றி எழுவது இயல்பு. மாடு அப்படி எழுந்தால், தலையை முன்னால் வீசி எழ கட்டுத்தரையில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள்.

அந்தக் குதிரை தேற மூன்று மாதம் ஆனது. இப்போது நடக்கிறது, ஓட்டத்துக்கு ஆகாது. கம்பு மூட்டை பூட்டிய அறைக்குப் போய்விட்டது. கடைசியாகப் போனபோது பெரியவர் மெதுவாகக் கேட்டார்: "எதுக்கும் சப்பையை ஒருதடவை இழுத்துப் பாத்தறலாங்களா?"