போன்சித் திட்டம்: சொல்லும் பொருளும்

பிறகு சேருகிறவர் கட்டும் பணத்தை எடுத்து முன்பு சேர்ந்தவருக்கு வட்டி என்று கொடுப்பது, அந்த வட்டியைக் காட்டியே மேலும் ஆள் சேர்ப்பது: இதுதான் போன்சித் திட்டம். நடுவில் தொழில் எதுவும் இருக்காது. பெயருக்கு ஒன்று இருந்தாலும் சொன்ன வட்டியை ஈட்டும் வலு அதற்குக் கிடையாது. தமிழில் போன்சி, பொன்சி, பான்சி என்று பலவிதமாக எழுதுகிறார்கள். பொன்னுக்கும் இந்தச் சொல்லுக்கும் உறவில்லை.

இது ஓர் ஆளின் பெயர். சார்லஸ் போன்சி 1882-இல் இத்தாலியில் பிறந்து 1903-இல் அமெரிக்கா போனவர். 1920-இல் பாஸ்டன் நகரில், 45 நாளில் 50 சதவீத லாபம், 90 நாளில் பணம் இரட்டிப்பு என்று வசூலித்தார். அதற்கு அவர் சொன்ன காரணம் பன்னாட்டு அஞ்சல் பதில் கூப்பன். ஒரு நாட்டில் வாங்கும் கூப்பனை இன்னொரு நாட்டில் தபால்தலையாக மாற்றிக்கொள்ளலாம். போருக்குப் பின் இத்தாலியப் பணத்தின் மதிப்பு சரிந்திருந்ததால், அங்கே மலிவாக வாங்கி அமெரிக்காவில் மாற்றினால் லாபம் என்பது காகிதத்தில் சரியாகவே வந்தது. ஆனால் அவர் திரட்டிய பணத்துக்கு ஏறத்தாழ 16 கோடி கூப்பன்கள் வாங்கியிருக்க வேண்டும். புழக்கத்தில் இருந்தவையோ சுமார் 27,000. அந்த ஆண்டு ஆகஸ்ட்டில் எல்லாம் சரிந்தது. வித்தையும் அவருடையதல்ல. 1899-இலேயே புரூக்ளினில் வில்லியம் மில்லர் என்பவர் வாரம் 10 சதவீதம் தருவதாகச் சொல்லி இதையே செய்திருக்கிறார்.

தமிழில் இதற்குப் பொருத்தமான சொல் ‘பணச்சுழற்சி மோசடி’ என்பது நம் கருத்து. 1978-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் பரிசுச் சீட்டுகளோடு சேர்த்துத் தடைசெய்தது பணச் சுழற்சித் திட்டங்களைத்தான். ‘சங்கிலித் திட்டம்’ என்பது இதன் பங்காளி: அதில் நீங்களே ஆள் பிடித்தால்தான் காசு. போன்சியில் நீங்கள் சும்மா இருந்தாலும் பணம் வரும். அதனால்தான் படித்தவரும் ஏமாறுகிறார்கள். ‘சீட்டு மோசடி’ என்று எழுதுவது மட்டும் தவறு. பதிவு பெற்ற ஏலச்சீட்டில் வெளியிலிருந்து வட்டி வருவதில்லை. இத்தனை பேர், இத்தனை மாதம் என்று வரம்பு உண்டு. ஏலத்தில் சீட்டை எடுப்பவர் தள்ளிக் கேட்ட தொகைதான் உறுப்பினர்களுக்குக் கழிவாகப் பிரிகிறது. நடத்துபவரின் கமிஷன் 1982-ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டத்தின் 2019 திருத்தப்படி 7 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. சீட்டு தொடங்கும் முன் பதிவாளரிடம் முன் அனுமதி ஆணை வாங்கியிருக்க வேண்டும். அந்த ஆணை எண்ணைக் கேளுங்கள்.

நம் பக்கத்தில் இந்த மோசடி எளிதில் வேர்பிடிக்க நாம் வட்டி பேசும் முறையும் ஒரு காரணம். தஞ்சாவூரிலும் திருவாரூரிலும் ஆண்டு வட்டி யாரும் பேசுவதில்லை. ‘நூத்துக்கு ரெண்டு’, ‘நூத்துக்கு மூணு’ என்று மாதக் கணக்கு. கடன் வாங்கும்போது மூணு வட்டி கொடுத்துப் பழகிய காதுக்கு, ‘நூத்துக்கு அஞ்சு தர்றாங்க மாமா, மாசாமாசம் அஞ்சாம் தேதி அக்கவுண்ட்ல ஏறிடும்’ என்பது கொஞ்சம் கூடுதலாகத்தான் கேட்கும். அது ஆண்டுக்கு 60 சதவீதம். பொதுமக்களிடம் வைப்பு வாங்க ரிசர்வ் வங்கி அனுமதித்த நிதி நிறுவனமே ஆண்டுக்கு 12.5 சதவீதத்துக்கு மேல் தரக் கூடாது. மாதக் கணக்கில் அது நூற்றுக்கு ஒரு ரூபாய் நாலு காசு. ‘நூத்துக்கு ரெண்டு’ என்று ஒருவர் வைப்பு கேட்டாலே அவர் அந்த வரம்புக்கு வெளியே நிற்கிறார்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். நூறு பேர் ஆளுக்கு ஒரு லட்சம் கட்டினால் ஒரு கோடி. நூற்றுக்குப் பத்து என்றால் மாதம் 10 லட்சம் வட்டி. ஒரு காசு செலவில்லை என்றே வைத்தாலும் பத்தாம் மாதம் பெட்டி காலி. ஓர் ஆண்டு முடிவில் வட்டியும் முதலுமாகத் தர வேண்டியது 2 கோடியே 20 லட்சம். ஏஜென்ட் கமிஷன், மண்டபக் கூட்டம், கார் எல்லாம் இதற்கு மேல். முதல் பத்து மாதம் சரியாக வந்த வட்டி நிறுவனத்தின் நாணயத்துக்குச் சாட்சி அல்ல. விதைநெல்லை வேகவைத்துப் பரிமாறிய விருந்து அது.

பணம் கட்டச் சொல்லி ஆள் வரும் நேரத்தையும் கவனியுங்கள். சம்பா, தாளடி அறுத்து, கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்குப் பணம் கணக்கில் ஏறும் மாசி, பங்குனியில் வருவார்கள். வளைகுடாவிலிருந்து திரும்பியவர் வீட்டுக்கும் ஓய்வுப் பணம் வாங்கிய ஆசிரியர் வீட்டுக்கும் வருவார்கள். வருபவர் பெரும்பாலும் சொந்தக்காரரே. அவரும் பணம் போட்டிருப்பார். பொய் சொல்கிறோம் என்று அவருக்கே தெரியாது. 2021-இல் கும்பகோணத்தில் பணம் இரட்டிப்பு வழக்கு பதிவானது. 2012-இல் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழிப் பண்ணைகள் சரிந்தன. அங்கே பறவை கண்ணெதிரே நின்றது, அதன் இறைச்சிக்குத்தான் சந்தை இல்லை.

சுவரில் மாட்டிய சான்றிதழ்களில் மயங்க வேண்டாம். ஜிஎஸ்டி எண், ஐஎஸ்ஓ சான்று, கம்பெனிப் பதிவுச் சான்று எதுவும் வைப்பு வாங்கும் உரிமையைத் தராது. ரிசர்வ் வங்கிப் பதிவு இருந்தாலும் பல நிறுவனங்களுக்குக் கடன் கொடுக்க மட்டுமே அனுமதி. பெயரில் ‘நிதி லிமிடெட்’ என்று இருந்தால் 2014 விதிகளை நினைவில் வையுங்கள்: உறுப்பினரிடம் மட்டுமே வைப்பு வாங்கலாம், அதற்கு விளம்பரம் கூடாது, வைப்பு திரட்ட ஏஜென்டுக்குக் கமிஷன் கூடாது, வட்டிக்கு அதே 12.5 வரம்பு. கமிஷன் வாங்கிக்கொண்டு ஒருவர் வந்தாலே விதி மீறியாயிற்று. நகைக்கடைச் சேமிப்புத் திட்டங்கள் பெரும்பாலும் 11 மாதத்தில் முடிவதற்கும் காரணம் உண்டு. பொருளுக்காக வாங்கிய முன்பணம் 365 நாளைத் தாண்டினால் கம்பெனி விதிப்படி அது வைப்பாகிவிடும். இரண்டு ஆண்டு, மூன்று ஆண்டு நகைத் திட்டம் என்றால் விலகுங்கள். ரிசர்வ் வங்கியின் ‘சசேத்’ இணையதளத்தில் நிறுவனத்துக்கு வைப்பு வாங்க அனுமதி உண்டா என்று பார்க்கலாம், புகாரும் கொடுக்கலாம்.

ஏற்கெனவே கட்டிவிட்டவர் முதலில் செய்ய வேண்டியது, ‘ரினியூவல்’ என்று கேட்டால் அசல் பத்திரத்தைக் கொடுக்காமல் இருப்பது. பல வழக்குகள் பலவீனமாவது அங்கேதான். ரசீது, பாண்டு, வங்கிக் கணக்கு விவரம், வாட்ஸ்அப் செய்தி எல்லாவற்றையும் நகலெடுத்து வையுங்கள். நிறுவனம் தந்த காசோலை கையிலிருந்தால், அதற்குத் தேதியிலிருந்து மூன்று மாதம்தான் உயிர். அது பணமில்லாமல் திரும்பினால், வங்கி தெரிவித்த 30 நாளுக்குள் வக்கீல் நோட்டீஸ் போக வேண்டும். ‘புகார் கொடுத்தா இருக்கிற பணமும் வராது’ என்று ஏஜென்ட் கெஞ்சுவார். அந்தத் தாமதத்தில்தான் சொத்து கைமாறுகிறது. பொருளாதாரக் குற்றப் பிரிவில் புகார் தாருங்கள். 1997-ஆம் ஆண்டின் தமிழ்நாடு முதலீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டத்தில் நிறுவனத்தின் சொத்தை முடக்க வழியுண்டு. இணையம், செல்போன் வழியாகப் பணம் போயிருந்தால் உடனே 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை அழையுங்கள்.

ஆள் சேர்த்துவிட்ட உறவினரிடமும் ஒன்றைச் சொல்லிவிடுங்கள். 2019-ஆம் ஆண்டின் முறைப்படுத்தப்படாத வைப்புத் திட்டத் தடைச் சட்டத்தில், வைப்புக் கட்டச் சொல்லி அழைப்பதே தனிக் குற்றம்: ஓராண்டு முதல் ஐந்தாண்டு வரை சிறை, 2 லட்சம் முதல் 10 லட்சம் வரை அபராதம்.